நாலாம் கண்

சென்னைச் சட்டசபையில் நான் எழுதிய ஒரு வாக்கியம் கேள்வியாகக் கேட்கப்பட்டு, அதற்கு நம்பர் போட்டு, கெஜட்டிலும் அச்சாகியிருக்கிறது. திருநெல்வேலியில் ஒரு வக்கீலிடம் தமிழ்க் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்? அந்தக் கௌரவத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்று கேட்டால் முதலில் என் மேல்தான். மற்றவர்கள் எல்லாரும் அதற்குப் பிறகு.

எனக்கு எழுத்தில் ஒரு திமிர் உண்டு. மற்றக் குமாஸ்தாக்கள் நாலு தாளில் இழுப்பதை நான் அரைத் தாளில் முடிப்பேன். வக்கீல் ஐயா வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்ம ஆளு ஒரு பாகப்பிரிவினையவே ஒத்த வரியில அடக்கிப்புடுவாரு" என்று என்னைக் காட்டிச் சொல்லுவார். நானும் காதில் விழாதது போல் பேனாவைத் துடைத்துக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருக்கும். அந்தக் குளிர்ச்சிதான் என் அக்கா குடும்பத்தைக் கப்பலேற்றியது.

எனக்கு மூத்தவள் ஒருத்திதான். அவளை ஆழ்வார்திருநகரிக்கும் கிழக்கே, கடல்காற்று வந்து மண்ணை வாரியடிக்கிற ஒரு கடைமடை ஊரில் கொடுத்திருந்தோம். ஊர்ப் பேரை இங்கே எழுதவில்லை. ஒருமுறை எழுதிப் பட்டது போதும். அத்தானுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நஞ்சை. இரண்டு பெண் குழந்தைகள். தாமிரபரணியிலிருந்து பிரிகிற கால்வாய் பல ஊர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கடைசியாக அவர்கள் குளத்துக்குக் கொண்டுவரும். அந்த மிச்சம் வருவதற்கு ஒரே வழி, மேலூர் எல்லையில் உள்ள மதகு. அதற்கு நாலு கண். தண்ணீர் புகுந்து வெளியேறுகிற துவாரத்தைத்தான் எங்கள் பக்கம் கண் என்போம். முதல் மூன்று கண்ணும் மேலூர் வயல்களுக்கு. நாலாவது கண் அக்கா ஊருக்கு.

ஒரு ஐப்பசி வெள்ளத்தில் நாலாம் கண்ணின் வளைவு வெடித்தது. மராமத்து இலாகா ஓவர்சியர் வந்து பார்த்து, வளைவு இடிந்து மதகே போய்விடும் என்று பயந்து, அந்தக் கண்ணைச் செங்கலும் சுண்ணாம்பும் வைத்து அடைத்துவிட்டுப் போனார். தற்காலிகமாக என்றார். அந்த ஓவர்சியருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்து வந்தவர், மதகு நன்றாகத்தானே நிற்கிறது என்றார். நிற்கும், நிற்காமல் என்ன செய்யும்! மேலூர்க்காரர்களுக்கு நாலு பங்குத் தண்ணீர் மூன்று கண்ணில் வந்தது. அவர்கள் ஏன் வாயைத் திறக்கிறார்கள்? மூன்று வருஷம் அக்கா ஊரில் கார் சாகுபடியும் இல்லை, பிசானமும் இல்லை. மழையை நம்பி விதைத்தது முழங்கால் உயரத்தில் கருகியது. குளத்துக்குள் ஆடு மேய்ந்தது.

தாசில்தாருக்கு மனுப் போட்டார்கள். மராமத்து இலாகாவுக்கு எழுது என்று வந்தது. மராமத்து இலாகாவுக்கு எழுதினார்கள். தண்ணீர்ப் பங்கு ரெவின்யூ இலாகா விஷயம் என்று வந்தது. இப்படி மூன்று வருஷம்.

நாலாவது வருஷம் சித்திரை மாதத்தில் அத்தான் ஒருநாள் வக்கீல் ஆபீஸ் தாழ்வாரத்தில் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் ஒரு கடப்பாரை.

"இது என்னத்துக்கு அத்தான்?" என்றேன்.

"கொல்லன்கிட்ட மொன போட்டு வாங்கிட்டு வாரேன் மாப்ள. ஒரு மணி நேர வேல. நாலு பேரு நின்னா அந்தக் கல்லையெல்லாம் பேத்து எறிஞ்சிரலாம். வெறும் செங்கலு."

"போலீசு பிடிச்சிட்டுப் போயிருவான்."

"போவட்டும். தண்ணி வருமுல்லா?"

சில வருஷங்களுக்கு முன்தான் திருநெல்வேலியில் கலகம் நடந்து அடங்கியிருந்தது. சர்க்கார் சொத்தில் ஒரு கல்லை யாராவது தொட்டால் உள்ளே தள்ளக் காத்திருந்த காலம். நான் அத்தானின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கி ஆபீஸ் அலமாரிக்குப் பின்னால் சாத்தினேன். "சட்டப்படி ஒரு வழி இருக்கு, என்னை நம்புங்க" என்றேன். என்ன வழி என்று அப்போது எனக்கே தெரியாது. வக்கீல் குமாஸ்தா வாயில் இந்த வார்த்தை தானாக வரும்.

அத்தான் என்னை நம்பினார். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட ஆள் கூட்டும் கங்காணி ஊருக்கு வந்திருக்கிறான். நாலு வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். "இந்தப் பிசானத்துக்குத் தண்ணி வந்தா இருக்கோம். இல்லன்னா நாங்களும் போயிருதோம். ஒங்க அக்கா எனக்கு முன்னாடி துணிஞ்சிட்டா." பிசானத்துக்கு ஐப்பசிக்குள் விதைக்க வேண்டும். எனக்கு இருந்தது ஆறு மாதம்.

வக்கீல் ஐயாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி ஒரு யோசனை சொன்னார். அவரோடு காலேஜில் படித்த ஒருவர் அப்போது சட்டசபை மெம்பர். வடக்கே வேறு ஜில்லாக்காரர், வீட்டில் பேசுவது தெலுங்கு. மெம்பர் ஒரு கேள்வியை எழுதி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தால், சர்க்கார் அதற்கு எழுத்தில் விடை சொல்லியாக வேண்டும். விடை சொல்வதற்காக அந்தக் கேள்வி சென்னையிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, சம்பந்தப்பட்ட இலாகாவின் கடைசிக் குமாஸ்தா மேஜை வரை வரும். "மனு போட்டா தூங்குவான். சட்டசபைக் கேள்வின்னு மேல சிவப்புச் சீட்டு ஒட்டி வந்தா, வே, சோத்தை வச்சுட்டு எந்திரிச்சு ஓடுவான்" என்றார் ஐயா.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அப்ப ஐயாவே இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்திருங்க" என்றேன்.

"அது முடியாது. மேலூர் மிராசுதார் நம்ம கட்சிக்காரர்லா? என் கை அதுல இருக்கப் பிடாது. நீரே தமிழ்ல எழுதும். அங்கன அவன் வீட்டுல ஆளு இருக்கு, இங்கிலீஷாக்கிக்கிடுவாங்க."

இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டரைத் தாள் எழுதினேன். வெள்ளம், வளைவு, செங்கல், சுண்ணாம்பு, ஓவர்சியர், குளத்தில் மேய்ந்த ஆடு, எல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்துப் போய் அக்கா வீட்டில் வாசித்துக் காட்டினேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான்ல இருக்கு. அந்த ஆட்டப் பத்தி எழுதிருக்க பாரு, அது யாரு ஆடுன்னும் போட்டிருக்கலாம். அவ நேத்துக்கூட என்கூடச் சண்டைக்கு வந்தா."

மதகு என்ற சொல் அந்த இரண்டரைத் தாளில் பதினோரு இடத்தில் வந்தது. பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்.

தாளைச் சென்னைக்கு அனுப்பி மூன்று வாரத்தில் மெம்பரிடமிருந்து ஐயாவுக்குக் கடிதம் வந்தது. நீளத்தைப் பார்த்ததும் இங்கிலீஷாக்கக்கூடக் கொடுக்காமல் தாளைத் திருப்பி அனுப்பி, இது மனு, கேள்வி அல்ல என்று எழுதியிருந்தார். கேள்விக்கு விதி இருக்கிறதாம். சுருக்கமாக இருக்க வேண்டும். வாதம் கூடாது. யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. அபிப்பிராயம் கூடாது. தகவல் கேட்பதாக மட்டும் இருக்க வேண்டும். விதிக்கு மீறினால் தலைவர் தள்ளிவிடுவார். கூடுமானால் ஒரே வாக்கியமாக அனுப்பச் சொல்லவும் என்று முடித்திருந்தார்.

ஒரே வாக்கியம்! என்னிடமா இந்தச் சவால்? நான் விரலைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஓவர்சியரை எடுத்தேன், அது குற்றச்சாட்டு. மேலூரை எடுத்தேன், ஐயாவுக்கு ஆகாது. ஆட்டை எடுத்தேன். வெள்ளத்தை எடுத்தேன், அது பழைய கதை. நாலாம் என்பதை எடுத்தேன், அக்கா ஊருக்கு உள்ளதே ஒரு கண்தானே, அதற்கென்ன நம்பர்? கடைசியில் மதகின் கண் என்று நின்றது. மதகு இல்லாமல் கண் ஏது? அதையும் அடித்தேன். தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்குக் கண் அடைந்துவிட்டது என்றால் தண்ணீரைத் தவிர வேறு ஞாபகம் வராது. மிச்சம் நின்றது இது:

"மேற்படி கிராமத்தாரின் கண் மூன்று வருஷமாக அடைபட்டு ஜனங்கள் கஷ்டப்படுவதும், அதைத் திறக்க இதுவரை ஏற்பாடு செய்யப்படாததும் சர்க்காருக்குத் தெரியுமா?"

ஐயாவிடம் நீட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஜோரு வே! வைரம்!" என்றார். அவரும் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்தானே. அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஆனி மாதக் கடைசியில் கேள்வி ஏற்கப்பட்டது, விடைக்காக ஜில்லாவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று தகவல் வந்தது. நான் அக்கா ஊருக்கு ஆள் மேல் ஆள் சொல்லியனுப்பினேன். அக்கா தன் இரண்டு வெண்கலப் பானைகளைக் கொடுத்துத் தெரிந்தவர்களிடம் விதைநெல் மாற்றி வாங்கிக் குலுக்கையில் கொட்டி வாயை மெழுகி மூடினாள். கங்காணிக்குச் சம்மதம் சொன்ன நாலு வீட்டில் இரண்டு வீடு பின்வாங்கியது. எல்லாம் என் ஒரு வரியின் பலம் என்று நான் ஊரில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆடி மாதம் ஒருநாள் காலை, சட்டசபைக் கேள்வி சம்பந்தமாக ஆபீசர் விசாரணைக்கு வருகிறார், குடிகள் அனைவரும் ஆஜராகவும் என்று கர்ணம் தண்டோரா போட்டார். நான் முந்தின நாளே போய்விட்டேன். கோட்டு, அங்கவஸ்திரம் சகிதம் ஆலமரத்தடியில் முன்வரிசையில் நின்றேன். வில்வண்டியிலிருந்து ஒரு தொப்பிக்காரர் இறங்கினார். தமிழர்தான், சென்னைப் பக்கம். பின்னால் ஒருவன் தோல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அளவுச் சங்கிலி பெட்டிக்குள் இருக்கிறது போலும் என்று நினைத்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தாளை விரித்தார். "எத்தனை நாளா கண்ணு இப்படி இருக்கு?"

"மூணு வருசமாச்சுய்யா" என்று அத்தான் முன்னால் போனார்.

"ரெண்டு கண்ணுமா?"

"இல்லய்யா. நாலாங்கண்ணு மட்டுந்தான்."

அவர் அத்தானை ஏற இறங்கப் பார்த்தார். "மத்தது?"

"மத்த மூணும் நல்லாத் தொறந்திருக்கு. தண்ணி பூரா அது வழியாத்தான் போவுது."

"தண்ணி போகுதா?" அவர் குறித்துக்கொண்டார். "நிறையப் போகுதா?"

"வெள்ளமாப் போவுதுய்யா!"

"வலி?"

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ ஒருவன், "வலிக்காம இருக்குமாய்யா, வயிறு எரியுது" என்றான். அதற்குள் பின்னால் நின்றவன் தோல்பெட்டியைத் திறந்தான். உள்ளே சின்னச் சின்னக் குப்பிகளும் பஞ்சும் இருந்தன.

நான் ஓடிப்போய், "ஐயா, தாங்கள் எந்த இலாகா?" என்றேன். ஜில்லா ஆஸ்பத்திரி டாக்டர் என்றார். கையிலிருந்த தாளைக் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும், அவரே படித்துச் சொன்னார்: இந்தக் கிராமத்து ஜனங்கள் மூன்று வருஷமாகக் கண்நோயால் பார்வை மறைந்து அவதிப்படுவது சர்க்காருக்குத் தெரியுமா, வைத்திய உதவி அளிக்க உத்தேசமுண்டா?

அடப்பாவி! எந்தப் புண்ணியவான் இங்கிலீஷாக்கினானோ! அவன் நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொன்னேன். ஆனால் அவன் என்ன செய்வான்? அவன் கிருஷ்ணா நதிக் கரைக்காரனோ, பட்டணத்துக்காரனோ. கிராமத்தாரின் கண் என்றால் முகத்தில் உள்ளதைத்தான் நினைப்பான்.

அந்த டாக்டர் நல்ல மனுஷர், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. வெயிலில் என்னோடும் அத்தானோடும் மதகு வரை நடந்து வந்தார். செங்கலை விரலால் தட்டிப் பார்த்தார். "ஆமாம், அடைச்சுத்தான் இருக்கு. ரொம்ப அநியாயம்" என்றார். அதை எழுதுங்கள் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "நான் எப்படிய்யா எழுதுறது? என்னை ஜனங்க கண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கு. மதகைப் பத்தி நான் எழுதினா, உனக்கென்ன வேலைன்னு என்னைக் கேட்பாங்க" என்றார். திரும்பி வந்து நூற்றுச்சொச்சம் பேரின் இமையையும் விரித்துப் பார்த்தார். அக்கா இமையையும் பார்த்தார். அவள் கையில் ஒரு சொட்டு மருந்துக் குப்பியைக் கொடுத்துவிட்டு வண்டியேறினார்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தான் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மதகுன்னு எழுதினியளா, இல்லியா?"

"எழுதினேன். மெட்ராஸ்காரன்தான் விட்டுட்டான்" என்றேன்.

அக்கா அடுப்படியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடுப்பை ஊதினாள். பிறகு ஒருநாள் அத்தானிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒருநாள் வரவே இல்லை. கப்பலேறிய இரண்டாம் வருஷம் மலைக்காய்ச்சலில் அவர் கண்டிச் சீமையிலேயே போய்விட்டார்.

ஆவணியில் விடை அச்சாகி வந்தது. "ஜில்லா வைத்திய அதிகாரி நேரில் விசாரித்ததில் மேற்படி கிராமத்தாரின் கண்களில் அசாதாரணமான நோய் ஏதும் காணப்படவில்லை. மேல்நடவடிக்கை அவசியமில்லை." ஐயா படித்துச் சொன்னபோது அவராலும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சவத்த விடும். இன்னொரு கேள்வி கேட்டுருவோம்" என்றார்.

அத்தான் மறுபடியும் தாழ்வாரத்தில் வந்து நின்றார். இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை. "மாப்ள, அந்தக் கடப்பாரையக் குடுங்க."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு அத்தான். இந்தத் தடவை மதகுன்னு கொட்டை எழுத்துல எழுதுதேன். தப்பவே தப்பாது."

"கொட்ட எழுத்துலயா?" என்றார். கேலி செய்கிறாரா, நம்புகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. கடப்பாரையை நான் கொடுக்கவில்லை. முதலில் பிடுங்காமல் இருந்திருந்தால், அல்லது அவர் கேட்டபோது கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜெயிலுக்குப் போயிருப்பார். ஆறு மாதமோ ஒரு வருஷமோ. அக்கா வயலில் நெல் விளைந்திருக்கும். இந்தக் கணக்கை நான் போடாத நாளில்லை.

இரண்டாவது கேள்வியைச் சுருக்கவே இல்லை. மதகு, கால்வாய், செங்கல் எல்லாம் வைத்தேன். புத்தி வந்தவன் எழுதியது. அதிலும் ஒரு குருட்டுப் புத்தி. ஆரம்பத்திலேயே, முன் கூட்டத்தில் இன்ன நம்பர் கேள்வியில் கண் என்று குறித்தது மதகின் கண்ணையே என்று தெளிவாகத் தொடங்கினேன். தப்பைத் திருத்தினால்தானே மரியாதை? ஐயாவும் சரி என்றார். கேள்வி போயிற்று. ஏற்கப்பட்டது. புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. மேலூரில் நாற்று விட்டார்கள். அக்கா ஊரில் எல்லாரும் குளத்துக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தடவை ஒரு ஆபீசரும் வரவில்லை. கார்த்திகையில் விடை மட்டும் வந்தது.

"இதே பொருள் குறித்து முன் கூட்டத்தில் அளிக்கப்பட்ட விடையைக் கனம் மெம்பர் பார்த்துக்கொள்ளலாம்."

நான் அந்தத் தாளை மூன்று தடவை ஐயாவிடம் படிக்கச் சொன்னேன். வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான். எப்படி என்று ஐயாதான் விளக்கினார். கேள்வி செக்ரட்டேரியட்டுக்குப் போகும். குமாஸ்தா முதல் வரியைப் படிப்பான். பழைய நம்பர் கண்ணில் படும். அந்த நம்பர் எந்த இலாகா? வைத்திய இலாகா. பழைய கட்டை எடுத்து இதையும் அதோடு சேர்த்துக் கட்டி அங்கே தள்ளுவான். வைத்திய இலாகாக்காரன் பார்ப்பான், மதகைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? கண்ணைப் பற்றி விசாரித்து ஏற்கெனவே சொல்லியாயிற்று என்பான். "யாரும் பொய் சொல்லல வே. அதான் இதுல விசேசம்" என்றார் ஐயா. மராமத்து இலாகாவுக்கு இப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்றே தெரியாது. இன்றைக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது புது விதி ஒன்று வந்திருந்தது. விடை திருப்தியில்லை என்றால் கேட்ட மெம்பரே அங்கேயே எழுந்து துணைக்கேள்வி ஒன்று கேட்கலாம். நம் மெம்பர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவர் பேரில் ஒன்பது கேள்வி இருந்ததாம். ஐயாவுக்கு அவர் எழுதிய கடிதத்தில், "தங்கள் ஊர் விஷயத்துக்கு இரண்டு தடவையும் சர்க்காரிடமிருந்து விடை வாங்கிக் கொடுத்தாயிற்று" என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். அவர் கணக்கில் அது சரி. கேள்வி கேட்டார், விடை வந்தது. எனக்கு அந்தக் கடிதத்தை அவர் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த வருஷம் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். குலுக்கையின் வாய் உடைந்திருந்தது. விதைநெல்லைக் குத்திப் பொங்கல் வைத்திருந்தாள். விதைநெல்லைத் தின்கிறவன் உருப்படுவானா என்று ஊரில் யாரும் அவளைக் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் அதுதான் வெந்தது. எனக்கு இலையில் வைத்துவிட்டு, "சாப்பிடுலே, நல்ல நெல்லு. பொங்கி எப்படி வந்திருக்கு பாரு" என்றாள். நான் இலையில் பிசைந்துகொண்டே இருந்தேன். அத்தான் வேகமாகச் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் தூத்துக்குடிக்குப் போனோம். ரயிலில் கங்காணி எங்களோடு வந்தான். கப்பல் தூரத்தில் நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். அதற்கு முன் கரையில் ஒரு கொட்டகையில் டாக்டர் பார்ப்பார். காய்ச்சல், அம்மை, வாந்திபேதி ஏதாவது இருந்தால் நிறுத்திவிடுவார்கள். வரிசையில் முதலில் அத்தான், பிறகு குழந்தைகள், கடைசியில் அக்கா. நான் மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். நிறுத்திவிட மாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. காய்ச்சல் வந்துவிடாதா என்றுகூட நினைத்தேன். சொந்த அக்காவுக்கு!

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நாடி பார்த்தார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு நல்லாயிருக்கு. போகலாம்" என்று சீட்டில் குத்திக் கொடுத்தார்.

அக்கா சீட்டை வாங்கிக்கொண்டு மூங்கில் தடுப்பண்டை வந்தாள். இழுத்த இமை சிவந்து இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"கேட்டியால தம்பி? ரெண்டாவது டாக்டரும் சொல்லிட்டாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அத்தானுக்குக் கேட்காதபடி பையச் சொன்னாள். "மதகுன்னு நீ எழுதல. எனக்கு அன்னைக்கே தெரியும். அவுகட்ட நான் சொல்லல. இனிமே யாருக்கும் நீ ஒண்ணும் எழுதாண்டாம்."

படகில் அவளை ஏற்றினார்கள். நான் ரயிலுக்கு நேரமிருந்தும் ஸ்டேஷனுக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். மறுநாள் ஆபீசுக்குப் போனேன். ஐயா ஒரு மனுவை நீட்டி, கொஞ்சம் சுருக்கிக் கொடும் வே என்றார். அலமாரிக்குப் பின்னால் கடப்பாரை சாத்தியபடியே இருந்தது.